இங்கிலீஷ் நன்றாக வரும் பிள்ளைக்கு அமெரிக்க ஹைஸ்கூல் இங்கிலீஷில் ஏன் சி வருகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மகள் எட்டாம் வகுப்பு வரை இந்தியாவில் சிபிஎஸ்இயில் படித்தவள். ஆங்கிலத்தில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல். இந்த வருடம் அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு, சற்றுக் கடினமான ஹானர்ஸ் பிரிவு. ‘இங்கிலீஷ் லாங்குவேஜ் ஆர்ட்ஸ்’ பாடத்தில் முதல் பெரிய கட்டுரைக்கு சி வாங்கியிருக்கிறாள். எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை எதுவும் சுழிக்கப்படவில்லை. ஓரத்தில் ‘சம்மரி’ என்று மூன்று இடத்திலும், ‘ஸோ வாட்?’ என்று ஓர் இடத்திலும் டீச்சர் எழுதியிருக்கிறார். இலக்கணப் புத்தகம் வாங்கித் தரலாமா, ட்யூஷன் வைக்கலாமா, ஹானர்ஸிலிருந்து சாதாரணப் பிரிவுக்கு மாற்றச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். குறை என்ன என்பதை டீச்சர் அந்த இரண்டு குறிப்பிலேயே சொல்லிவிட்டார். உங்கள் மகளுக்கு ஆங்கிலம் வருகிறதா என்று அந்த வகுப்பு பார்க்கவில்லை. வரும் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. பெயரில் இங்கிலீஷ் இருப்பதால் நாம் அதை மொழிப்பாடம் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு கதையையோ உரையையோ கையில் கொடுத்து, ‘இதை எழுதியவர் இங்கே என்ன செய்கிறார், எப்படிச் செய்கிறார், உன் பேச்சுக்கு ஆதாரம் எந்த வரியில் இருக்கிறது’ என்று கேட்கிற பாடம் அது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருடமும் இதே கேள்விதான், நூல்கள்தான் மாறும்.

பாடத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பெற்றோர் முதலில் தேடுவது ‘டெக்ஸ்ட் புக் எது’ என்பதை. நாடு முழுவதற்கும் ஒரே புத்தகம் என்று இங்கே கிடையாது. 2010இல் வெளியான ‘காமன் கோர்’ தர அளவுகளைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. சில பிறகு பெயரை மாற்றின, சில திருத்தின. டெக்சாஸும் வர்ஜீனியாவும் ஏற்கவே இல்லை, தங்கள் சொந்த அளவுகளையே வைத்திருக்கின்றன. காமன் கோரில் வாசிப்பு, எழுத்து, பேசுவதும் கேட்பதும், மொழி என்று நான்கு பகுதிகள். இலக்கணம், சொல்வளம் எல்லாம் அந்தக் கடைசிப் பகுதிக்குள் அடக்கம். மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த ஆவணம் சொல்கிறது. எதைப் படிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பள்ளி மாவட்டத்துக்கும் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஆசிரியருக்கும் விட்டுவிடுகிறது. விதிவிலக்குகள் சில உண்டு: பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஒரு ஷேக்ஸ்பியர் நாடகமாவது வேண்டும், ஓர் அமெரிக்க நாடகாசிரியரின் நாடகமாவது வேண்டும் என்கிறது. பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் எல்லா வகையிலும் கொஞ்சம், பத்தில் உலக இலக்கியம், பதினொன்றில் அமெரிக்க இலக்கியம், பன்னிரண்டில் பிரிட்டிஷ் இலக்கியம் அல்லது விருப்பப்பாடம் என்று வரிசை போகும். உங்கள் பள்ளியில் வேறாக இருக்கலாம், அதில் தவறொன்றும் இல்லை.

சரி, அந்த ‘சம்மரி’க்கு வருவோம். கதையில் என்ன நடந்தது, உரையில் என்ன சொல்லப்பட்டது என்று திருப்பிச் சொன்னால் அது சம்மரி. நம் தேர்வுகளில் முழு மதிப்பெண் அதற்குத்தான். பாடத்தில் இருப்பதைத் தெளிவாக, விடாமல், அழகான கையெழுத்தில் திருப்பித் தர வேண்டும். இங்கே டீச்சரும் அந்த நூலைப் படித்திருக்கிறார், வகுப்பு முழுவதும் படித்திருக்கிறது. கதையை அவருக்கே திருப்பிச் சொன்னால் ‘சரி, அதனால் என்ன?’ என்றுதான் கேட்பார்.

அவர் எதிர்பார்ப்பது நமக்குப் புதிதில்லை. பரிமேலழகர் குறளுக்கு எழுதிய உரையைப் புரட்டியிருக்கிறீர்களா? ‘கற்க கசடறக் கற்பவை’ என்ற குறளில் பொருளைச் சொல்லிவிட்டு அவர் நிற்பதில்லை. வள்ளுவர் ‘கற்பவை’ என்று சொன்னதைப் பிடித்துக்கொள்கிறார். கற்கத் தக்கவை என்று குறிப்பிட்டுச் சொன்னதால், உறுதிப்பொருள்களை (அறம், பொருள், இன்பம், வீடு) சொல்லாத மற்ற நூல்கள், குறைந்த ஆயுளும் பல நோயும் சிற்றறிவும் கொண்ட நமக்கு ஆகா என்பது பெறப்பட்டது என்று முடிக்கிறார். ‘என்றதனான்… என்பது பெறப்பட்டது’ என்று அவர் உரை நெடுகிலும் வருகிற அந்த நடைதான் அமெரிக்க வகுப்பறையில் ‘காமென்டரி’. சொல்லைக் காட்டு, அந்தச் சொல்லிலிருந்து என்ன பெறப்படுகிறது என்று சொல். அவர் பெறுவதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றுகூட இல்லை. எனக்கு அந்தக் குறளில் அவர் கொஞ்சம் கடுமையாகப் போகிறார் என்றுதான் படும். ஆனால் எந்தச் சொல்லிலிருந்து அங்கே போனார் என்பது தெரிகிறது. டீச்சர் கேட்பதும் அதைத்தான்.

அமெரிக்க வகுப்பிலிருந்தே ஓர் உதாரணம். ஒன்பது, பத்தாம் வகுப்பு அளவுகளில் காமன் கோர் பெயர் சொல்லிக் குறிப்பிடும் உரைகளில் ஒன்று லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை. உள்நாட்டுப் போர் நடுவில், 1863 நவம்பர் 19 அன்று, போர்க்களத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தின் அர்ப்பணிப்பு விழாவில் பேசியது. அன்றைய முக்கியப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள். எவரெட் பேசியதை இன்று வகுப்பில் வைப்பது அரிது.

இந்த உரையைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால், நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவது இப்படி இருக்கும்: “லிங்கன் இந்த உரையில் போரில் இறந்த வீரர்களுக்கு மரியாதை செலுத்தினார். எல்லா மனிதரும் சமம் என்று கூறினார். அவர்கள் தொடங்கிய பணியை நாம் முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இது மிகவும் உணர்ச்சிகரமான உரை.” ஒரு பிழையும் இல்லை. கிடைப்பது சி.

இப்போது முதல் வாக்கியத்தில் மட்டும் நின்று பாருங்கள். எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் என்று தொடங்குகிறார். 1863இலிருந்து எண்பத்தேழைக் கழித்தால் 1776, சுதந்திரப் பிரகடனம் வந்த வருடம். நாட்டின் அரசியலமைப்பு எழுதப்பட்டது 1787இல். நாடு பிறந்தது எப்போது என்று சொல்ல அவர் கையில் இரண்டு வருடங்கள் இருந்தன, ஒன்றை எடுத்தார். ஏன் அது? அரசியலமைப்பு அடிமைமுறையோடு சமரசம் செய்துகொண்டது. பிரகடனமோ எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்றது. 1776இலிருந்து எண்ணத் தொடங்கியதால், இந்த நாடு சமத்துவத்துக்காகவே பிறந்தது என்ற வாதத்தை, வாதம் செய்கிற மாதிரியே தெரியாமல், ஓர் எண்ணிக்கைக்குள் வைத்துவிட்டார். அப்புறம், எண்பத்தேழு என்று நேராகவும் சொல்லவில்லை. நான்கு இருபதும் ஏழும் என்று பழைய பைபிள் மொழிபெயர்ப்பின் நடையில் சொல்கிறார். கூடியிருந்தவர்கள் காதில் அது வேதம் வாசிப்பதுபோல விழுந்திருக்கும். கல்லறைத் தோட்டத்தில், அரசியல் விவாதம் ஒன்றுக்கு அந்தத் தொனியைக் கொடுத்திருக்கிறார்.

இதைப் பத்தியாக எழுதினால் ஏ. கவனியுங்கள், இதில் கடினமான ஆங்கிலம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கழித்தல் கணக்கும் ‘ஏன் இது, ஏன் அது இல்லை’ என்ற கேள்வியும் போதும். வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்தான், ஆனால் அதையும் இங்கே சமூக அறிவியல் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்.

இந்தக் கேள்வியைப் பழக்கமாக்குவதுதான் உங்கள் மகள் செய்ய வேண்டிய வேலை. வாசிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். அழகுக்காக மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுக்கப் பூசுவது பயன்படாது, பலர் அதைத்தான் செய்கிறார்கள். வித்தியாசமாகப் பட்ட சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியோ ஓர் ஊகமோ எழுத வேண்டும். ‘முன்னால் அப்பா என்றவன் இங்கே பெயர் சொல்கிறான், ஏன்?’ என்ற மாதிரி. ‘அனொட்டேஷன்’ என்று இதற்கே தனியாக மதிப்பெண் போடும் ஆசிரியர்கள் உண்டு.

எழுத உட்காரும்போது முதலில் தீசிஸ், அதாவது கட்டுரை நிரூபிக்கப் போகும் ஒற்றை வாக்கியம். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: நூலைப் படித்த ஒருவர் அதை மறுத்துப் பேச முடிகிறதா? ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ பற்றி எழுதும்போது ‘இந்த நாடகம் காதலையும் பகையையும் பற்றியது’ என்றால் யார் மறுப்பார்கள்? மறுக்க ஆளில்லாத வாக்கியத்துக்கு நான்கு பக்கம் எதற்கு? ‘பெரியவர்களின் பகையைவிட இளையவர்களின் அவசரம்தான் இந்தச் சாவுகளுக்குக் காரணம்’ என்றால் சண்டைக்கு ஆள் வரும். அது தீசிஸ்.

பத்திக்குள் ஒரு கருத்து, அதற்கு நூலிலிருந்து மேற்கோள், பிறகு விளக்கம். மேற்கோள் ஒரு வரி என்றால் விளக்கம் குறைந்தது இரண்டு வரி இருக்கட்டும் என்று நான் சொல்வது வழக்கம். இது சட்டமில்லை, ஆனால் சி வாங்கும் கட்டுரைகளில் பெரும்பாலும் மேற்கோள் நீளமாகவும் விளக்கம் மொட்டையாகவும் இருக்கும். முழு வாக்கியத்தைப் பெயர்த்து வந்து தனியாக நிறுத்தாமல், தேவையான நாலு சொல்லை மட்டும் தன் வாக்கியத்துக்குள் கோத்து எழுதப் பழக வேண்டும். இன்னொன்று, இலக்கியத்தைப் பற்றி எழுதும்போது நிகழ்காலம்: மெக்பெத் கொன்றான் என்று எழுதாமல் கொல்கிறான் என்று எழுதுவார்கள். இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகள் கதை சொல்கிற பழக்கத்தில் இறந்தகாலத்துக்குப் போவார்கள். இறந்தகாலம் வந்ததும் எழுத்து தானாகவே சம்மரியாகிவிடும். காலத்தை மாற்றினாலே பாதி சரியாவதைப் பார்த்திருக்கிறேன்.

‘கலர்’ என்பதில் யூ போடுவது, முற்றுப்புள்ளியை மேற்கோள் குறிக்கு உள்ளே வைப்பது போன்ற பிரிட்டிஷ், அமெரிக்க வேறுபாடுகளுக்குப் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரில் மொழியை அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றிவைத்தால் எழுத்துக்கூட்டலைப் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்றுக்குக் கட்டாயம் பயப்பட வேண்டும். நல்ல கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதுவது, கைடிலிருந்து நல்ல வாக்கியங்களை எடுத்துக்கொள்வது எல்லாம் நம் பக்கம் உழைப்பு என்று பெயர் வாங்கும். இங்கே அது திருட்டு. இணையத்தில் கிடைக்கும் கதைச்சுருக்கத் தளங்களிலிருந்து இரண்டு வாக்கியம் எடுத்து, யாருடையது என்று சொல்லாமல் போட்டாலே கட்டுரைக்குப் பூஜ்யம் விழலாம், ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பும் ஏறலாம். பல பள்ளிகளில் கட்டுரைகள் ஒப்பீட்டு மென்பொருள் வழியாகத்தான் ஆசிரியரிடம் போகின்றன. ஆதாரத்தைக் குறிப்பிடுவதில் பெரும்பாலான ஆங்கில வகுப்புகள் எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) முறையைப் பின்பற்றுகின்றன: மேற்கோளுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும், கடைசியில் ஆதாரப் பட்டியல். கருத்தை மட்டும் எடுத்துச் சொந்த வார்த்தையில் எழுதினாலும் யாருடையது என்று சொல்ல வேண்டும். ஏஐ விஷயத்தில் பள்ளிக்குப் பள்ளி, ஏன், ஆசிரியருக்கு ஆசிரியர் விதி மாறுகிறது. அந்தந்த வகுப்பின் சிலபஸில் என்ன எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். திருத்தங்களின் வரலாற்றைச் சேமித்துவைக்கும் கணினி ஆவணத்தில், தொடக்கத்திலிருந்தே எழுதுவது நல்லது. நாளைக்குச் சந்தேகம் வந்தால் வரைவு வரைவாகக் காட்டலாம்.

வகுப்பில் பேசுவது தனிக் கதை. ‘சோக்ரட்டிக் செமினார்’ என்று வட்டமாக உட்காரவைத்து ஒரு நூலைப் பற்றி மாணவர்களையே பேசவிடுவார்கள். ஆசிரியர் ஓரமாக இருந்து குறித்துக்கொள்வார். வாய் திறக்காதவருக்கு மதிப்பெண் இல்லை. கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்த்த பிள்ளைக்கு இது கட்டுரையைவிடக் கஷ்டம். மூன்று குறிப்புகளை முன்பே எழுதி எடுத்துப் போகட்டும், அதில் ஒன்றை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடட்டும். தள்ளிப்போட்டால் அவள் சொல்ல வைத்திருந்ததை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். மற்றவர் சொன்னதைப் பெயர் சொல்லி எடுத்து, ‘அதோடு இதையும் சேர்க்கலாம்’ அல்லது ‘ஆனால் அடுத்த பக்கத்தில் வேறு மாதிரி வருகிறதே’ என்று தொடர்ந்தாலும் மதிப்பெண் உண்டு. ஆசிரியரோடு நூலை முன்னிட்டு மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்கமாட்டார்கள். இதை நீங்கள் உங்கள் வாயால் சொன்னால்தான் அவள் நம்புவாள்.

சேர்க்கையின்போது ‘வீட்டில் பேசும் மொழி’ என்று ஒரு படிவம் நிரப்பியிருப்பீர்கள். தமிழ் என்று எழுதியிருந்தால், ஆங்கிலத் திறன் சோதனைக்கு அழைத்திருப்பார்கள், அல்லது அழைப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு சிலர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறோம் என்று எழுதிவிடுகிறார்கள். தேவையே இல்லை. தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது. தேறாவிட்டால் கூடுதல் உதவி கிடைக்கும். அந்த உதவி வேண்டாம் என்று மறுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, ஆனால் தேறும்வரை வருடாந்திரச் சோதனை தொடரும்.

எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு), ஏபி (ஹைஸ்கூலிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் எஸ்ஏடி கணினி வழிதான். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 64 நிமிடத்தில் 54 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 150 சொல் வரையிலான சின்னப் பத்தி. அதற்குப் பத்தாம் வகுப்பு முடிவில் தயாராகத் தொடங்கினால் போதும். ஏபியில் ஆங்கிலத்துக்கு இரண்டு தேர்வுகள்: பெரும்பாலும் பதினொன்றில் எடுக்கும் ‘லாங்குவேஜ்’, பன்னிரண்டில் எடுக்கும் ‘லிட்ரேச்சர்’. இரண்டிலும் மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளிகள். அதில் தீசிஸுக்கு ஒன்று, ஆதாரத்துக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து நான்கு, சிந்தனையின் நுட்பத்துக்கு ஒன்று. இலக்கணத்துக்கென்று தனிப் புள்ளியே இல்லை என்பதைப் பார்த்தால், உங்கள் மகளின் டீச்சர் ஏன் அந்த இரண்டு குறிப்பை மட்டும் எழுதினார் என்பதும் விளங்கும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு உங்கள் ஆங்கிலம் எப்படி என்பது பொருட்டே இல்லை. அவள் படிக்கும் அத்தியாயத்தைப் பற்றித் தமிழிலேயே கேளுங்கள். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். ‘அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று நினைக்கிறாய், எந்த வரியில் தெரிகிறது?’ என்று கேளுங்கள். தமிழில் வாதாடத் தெரிந்துவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுவது அவளுக்குச் சின்ன வேலை. ட்யூஷன் மாஸ்டர் வந்தால் கட்டுரையை அவரே செப்பனிட்டுக் கொடுத்துவிடும் அபாயம் உண்டு. பள்ளியிலேயே ‘ரைட்டிங் சென்டர்’ என்ற எழுத்து உதவி மையம் இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்தட்டும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது: மதிப்பீட்டுக்குப் பயன்படுத்திய ரூப்ரிக் என்ற அட்டவணையை எடுத்து, எந்த வரிசையில் புள்ளி போனது என்று அவளே பார்க்கட்டும். பிறகு டீச்சருக்கு ஒரு மின்னஞ்சல். நீங்கள் எழுத வேண்டாம், அவள் எழுதட்டும். ஹைஸ்கூலில் அதைத்தான் விரும்புவார்கள். ‘மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுங்கள்’ என்ற தொனி வேண்டாம். ‘இரண்டாம் பத்தியில் விளக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறேன், இது சரியான திசையா, ஐந்து நிமிடம் பேச முடியுமா’ என்று கேட்டு, மாற்றி எழுதிய பத்தியையும் இணைக்கட்டும். திருத்தி எழுதிச் சமர்ப்பிக்க அனுமதிக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர், ஆனால் பலர் அதற்குக் கெடு வைத்திருப்பார்கள்; அதனால் இந்த வாரமே எழுதட்டும். ஹானர்ஸிலிருந்து மாறுவதை இரண்டாவது கட்டுரை வந்தபின் பாருங்கள். பிரிவு மாற்றுவதற்குக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கும், அதை மட்டும் பள்ளியின் கவுன்சிலரிடம், அதாவது மாணவர் ஆலோசகரிடம், இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.